மத்தி மீனு: வாங்குறதுல இருந்து கொழம்பு எறக்குற வரைக்கும்

மன்னார்குடி, திருவாரூர், கும்பகோணம் மாதிரி கடல விட்டு கொஞ்சம் உள்ள தள்ளி இருக்குற ஊருங்கள்ல மத்தின்னு சொன்னாலே மூக்க சுளிக்கிறவங்க இன்னமும் இருக்காங்க. நாறும், முள்ளு ஜாஸ்தி, வஞ்சிரம் வாங்க வக்கில்லாதவங்க வாங்குற மீனுன்னு ஒரு பேச்சு. நாகப்பட்டினம், தரங்கம்பாடி, மல்லிப்பட்டினம் பக்கம் கடலோரத்துல பொறந்தவங்க யாரும் இப்படி சொல்லி நான் கேட்டதில்ல, ஏன்னா அவங்க சட்டிக்கு போற மத்தியும் நம்ம சட்டிக்கு வர்ற மத்தியும் ஒரே மீனுதான், நடுவுல பல மணி நேரம் ஓடிப்போயிருக்கு, அம்புட்டுதான் வித்தியாசம். அந்த நேரத்துல மீனு கெடாம பாத்துக்குறது எப்படி, வீட்டுக்கு வந்ததும் எத வெட்டி எறியணும், எத எறியக்கூடாது, கொழம்பு எந்த வரிசையில வைக்கணும், இதெல்லாம் தெரிஞ்சா மத்திய விட ருசியான மீனு இந்த விலைக்கு கெடைக்காது, இத நான் அடிச்சு சொல்லுவேன்.

மத்தி கடல்ல மேல்மட்டத்துல கூட்டங்கூட்டமா திரியிற மீனு, கண்ணுக்கு தெரியாத பாசியும் மிதக்குற சின்ன உயிரும்தான் அதுக்கு தீனி. அந்த தீனியில இருந்து சேர்ற எண்ணெய் சதை முழுக்க ஊறி நிக்கும். டாக்டருங்க சொல்ற ஒமேகா-3 அந்த எண்ணெய்லதான் இருக்கு. பெரிய மீனுங்கள்ல சேர்ற அளவுக்கு பாதரசம் இதுல சேராது, ஏன்னா ஆயுசு கம்மி, தின்னுறதும் பாசி மாதிரி சின்ன தீனி, அதனால புள்ளைங்களுக்கு தைரியமா குடுக்கலாம். ஆனா அதே எண்ணெய்தான் இதுக்கு பலவீனமும், காத்து பட்டு சூடு பட்டு சட்டுன்னு சிக்கு வாடை அடிக்க ஆரம்பிச்சுடும். வெள்ளைக்கறி மீனு ஒன்னு தாங்குற நேரம் மத்தி தாங்காது. மத்தியில நீங்க செய்யிற ஒவ்வொரு வேலையும் இத மனசுல வச்சுதான் செய்யணும்.

வாங்குறது

மொதல்ல எந்த மீனுன்னு பாருங்க. நம்ம பக்கம் மத்தி, சாளை, கவலை, சூடைன்னு ஊருக்கு ஒரு பேரு, ஒரே கூடையில ரெண்டு மூணு ஜாதி கலந்தும் கெடக்கும். நல்ல எண்ணெய் மத்தின்னா ஒடம்பு உருண்டையா இருக்கும், தலை நீளம், செவுள் மூடியோட பின்னோரத்துல ஒரு கருப்பு புள்ளி தெரியும், அத ஒட்டி லேசா பொன்னெறத்துல மினுக்கும். சூடை வகைங்க தட்டையா இருக்கும், வயித்தடி கூரா சொரசொரன்னு இருக்கும், முள்ளும் கூட, எண்ணெய் கொஞ்சம் கம்மி. சூடை மோசம்னு இல்ல, வறுக்குறதுக்கு அது நல்லாவே இருக்கும், ஆனா கொழம்புக்குன்னு போனா உருண்டை மத்திய கேட்டு வாங்குங்க. நீளம் ஒரு 15 சென்டிமீட்டருக்கு மேல இருந்தா நல்லது. விரல் நீளத்துக்கு குஞ்சு மீனா கூறு போட்டு வச்சிருந்தா தயவுசெஞ்சு வாங்காதீங்க, அது இன்னும் ஒரு தடவ கூட முட்டை போடாத மீனு. கேரளாவுல 10 சென்டிமீட்டருக்கு கீழ இருக்குற மத்திய புடிக்கக்கூடாதுன்னே சட்டம் இருக்கு. ஒரு வருஷத்துக்குள்ள முட்டை போடுற பருவத்துக்கு வந்துடுற மீனு இது, அதுக்குக்கூட விடலன்னா அடுத்த வருஷம் கூடையில என்ன இருக்கும்.

அடுத்து, எந்த ஊரு மீனு. இத கேக்க யாரும் கூச்சப்படாதீங்க. டிவிஎஸ் எக்ஸ்எல் பின்னாடி பொட்டிய கட்டிக்கிட்டு ஆரன் அடிச்சுட்டு தெருவுல வர்ற அண்ணன்கிட்ட, "எந்த ஊரு மீனுண்ணே, எப்ப எடுத்தது"ன்னு கேட்டா பெரும்பாலும் உள்ளதத்தான் சொல்லுவாங்க, தெனம் அதே தெருவுக்கு வரணும்ல. "நாகையில காலையில ஏலத்துல எடுத்தது தம்பி"ன்னா ஒரு மாதிரி, "லோடுல வந்தது"ன்னா வேற மாதிரி. லோடு மீனு ஐஸ்ல இருந்தே வந்திருந்தா பரவால்ல, ஆனா அது கடல விட்டு வெளிய வந்து எத்தன நாளாச்சுன்னு அவருக்கே தெரியாது.

தடைக்கால கணக்கு ஒன்னு இருக்கு, அது தெரிஞ்சா இன்னும் வசதி. நம்ம கெழக்கு கடல்ல ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகாது. அந்த நேரத்துல சந்தையில பெரிய மீனு நெறைய மேற்கு கடற்கரையில இருந்து வண்டியில வரும். ஆனா ஃபைபர் படகு, நாட்டுப்படகு எல்லாம் தடைக்காலத்துலயும் போகும், கரைக்கு பக்கத்துலயே வலை விட்டு சில மணி நேரத்துல திரும்பிடுவாங்க, அவங்க வலையில மாட்டுறதுல மத்தி, சூடை, நெத்திலி இதெல்லாம் உண்டு. அதனால தடைக்காலத்துல மீனே நல்லா இருக்காதுன்னு சொல்றது மத்தி விஷயத்துல சரி கெடையாது. வேளாங்கண்ணிக்கோ பூம்புகாருக்கோ போற வேலை இருந்தா அந்த சமயத்துல கரையில இருந்தே ஒரு கூறு வாங்கிட்டு வாங்க. ஆனா கையில ஐஸ் பொட்டி இல்லாம போகாதீங்க.

மீன பாக்குறது எப்படின்னா, மத்திக்கு கண்ண மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. வலையில அடிபட்டு கண்ணு செவந்து போயிருக்கும், ஆனா மீனு புதுசாதான் இருக்கும். மத்திக்கு மொதல்ல போறது வயிறு. தீனி தின்ன வயித்தோட புடிபட்டா, குடல்ல இருக்குற செரிமான நீரே வயித்து சதைய அரிச்சு பொத்துக்க வச்சுடும், இதுக்கு கிருமி கூட வேணாம். அதனால வயித்த ஒரு விரலால அமுக்கி பாருங்க, விறைப்பா இருந்து விரல எடுத்ததும் பழையபடி நிமிந்துக்கணும். கொழகொழன்னு உள்ள போச்சுன்னா, இல்ல குடல் வெளிய எட்டிப்பாத்துச்சுன்னா வேணாம். அப்பறம் தலைய புடிச்சு படுக்க வாட்டத்துல நீட்டி பாருங்க, வால் தொங்காம நேரா நின்னா அது அன்னைக்கு மீனு. செவுள் செவப்பா இருக்கணும், பழுப்பு ஏறியிருக்கக்கூடாது. மோந்து பாத்தா கடல் தண்ணி வாசம்தான் வரணும், பழைய எண்ணெய் வாடை வரக்கூடாது. கூடையில இருக்குறதுல பாதி செதில் உதிந்து கெடந்தா பயப்படாதீங்க, மத்தி செதில் தொட்டாலே உதிரும்.

இதுல ருசிய தாண்டி ஒரு விஷயம் இருக்கு, கொஞ்சம் கவனமா படிங்க. மத்தி, கானாங்கெளுத்தி, சூரை மாதிரி மீனுங்கள்ல ஹிஸ்டிடின்னு ஒரு சத்து நிறைய இருக்கு. மீனு ஐஸ் இல்லாம சூட்டுல கெடந்தா கிருமிங்க அத ஹிஸ்டமினா மாத்திடும். அந்த மீன தின்னா கொஞ்ச நேரத்துலயே மூஞ்சி செவந்து, ஒடம்பு அரிச்சு, தலைவலி, படபடப்பு எல்லாம் வரும். நம்ம ஆளுங்க இத 'எனக்கு மத்தி ஒத்துக்காது'ன்னு சொல்லி காலத்துக்கும் மத்திய விட்டுடுறாங்க, நெறைய பேருக்கு மீனு பிரச்சனை இல்ல, அன்னைக்கு மீனு வெயில்ல கெடந்ததுதான் பிரச்சனை. எவ்வளவு கொதிக்க வச்சாலும் ஹிஸ்டமின் போகாது, புளி ஊத்துனாலும் போகாது. வாயில வச்சதும் நாக்குல மொளகு கடிச்ச மாதிரி சுருசுருன்னு இருந்தா தட்ட ஒதுக்கிடுங்க. மூச்சு வாங்குனாலோ மயக்கம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு போங்க, காத்துக்கிட்டு இருக்காதீங்க.

வீட்டுக்கு கொண்டாறது

வாங்குன மீன பிளாஸ்டிக் கவர்ல போட்டு வண்டி ஹேண்டில்ல மாட்டிக்கிட்டு, போற வழியில மளிகை கடை, மருந்து கடைன்னு ஏறி எறங்கிட்டு வீட்டுக்கு வந்தா அது போச்சு. சித்திரை வெயில்ல அரை மணி நேரம் போதும். மீனு எடைக்கு சமமா ஐஸ், இதுதான் கணக்கு, 1 கிலோ மீனுக்கு 1 கிலோ ஐஸ், ஐஸ் ஒரு அடுக்கு, மீனு ஒரு அடுக்கு. மீன்காரர்கிட்டயே ரெண்டு கை ஐஸ் கேட்டா போட்டு குடுப்பாங்க, பழைய தெர்மாகோல் பொட்டி ஒன்னு வீட்டுல இருந்தா அத வண்டியிலேயே வச்சிருங்க. மீனு வாங்குறத கடைசி வேலையா வச்சுக்கங்க. வீட்டுக்கு வந்ததும் ஆயறதுக்கு நேரம் இல்லன்னா ஐஸோடவே ஃப்ரிட்ஜுக்குள்ள வைங்க, 4 டிகிரிக்கு கீழ இருக்கணும்.

ஆயறது

மத்தியில நாத்தம் எங்க இருந்து வருதுன்னு கேட்டா பெரும்பாலும் மூணு எடத்துல இருந்து: வயித்துக்குள்ள இருக்குற கருப்பு சவ்வு, முதுகெலும்ப ஒட்டி ஓடுற ரத்தக்கோடு, செவுள். இந்த மூணும் சுத்தமா போயிட்டா மீதிய புளி பாத்துக்கும்.

அருவாமனையில ஆயறவங்க தாராளமா அதுல ஆயலாம், ஆனா மத்திக்கு கத்திரிக்கோல்தான் சுளுவு, புதுசா பழகுறவங்களுக்கு அதத்தான் சொல்லுவேன். ஒரு சட்டி தண்ணியில மீன போட்டு தண்ணிக்குள்ளயே வச்சு வாலுல இருந்து தலை பக்கமா கட்டைவிரலால தள்ளுங்க, செதில் எல்லாம் தண்ணியிலேயே நின்னுடும், செவுத்துல தெறிக்காது. அப்பறம் துடுப்ப எல்லாம் நறுக்கி விடுங்க. அடுத்ததுதான் முக்கியம். மீன மல்லாக்க புடிச்சு வயித்தடி ஓரத்த விரலால தடவி பாத்தா முள்ளு முள்ளா ஒரு வரி தட்டுப்படும், செவுளுக்கு கீழ இருந்து ஆசனவாய் வரைக்கும் போகும். கத்திரிக்கோல செவுளுக்கு கீழ வச்சு அந்த வரிய ஒரு நூல் அகலத்துக்கு நீளமா வெட்டி எடுத்துடுங்க. வயிறும் தொறந்துக்கும், தொண்டையில குத்துற அந்த சொரசொரப்பும் போயிடும், ஒரே வெட்டுல ரெண்டு வேலை. பலரு வயித்த நடுவுல கீறி மட்டும் விட்டுடுறாங்க, அப்ப அந்த முள்ளு வரி ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டு கொழம்புல உதிந்து கெடக்கும், மத்தியில முள்ளு ஜாஸ்தின்னு பேரு வந்ததுல இதுக்கும் பங்கு உண்டு.

குடல எடுக்கும்போது சினைய விட்டுடாதீங்க. மஞ்சளா, மணல்மணலா ரெண்டு பட்டை இருந்தா அது முட்டை சினை, வெள்ளையா வழவழன்னு இருந்தா பால் சினை, ரெண்டுமே நல்லா இருக்கும், தனியா ஒரு கிண்ணத்துல எடுத்து வைங்க. அப்பறம் குழாய் தண்ணிய மெல்லிசா விட்டுக்கிட்டு வயித்துக்குள்ள கட்டைவிரல் நகத்த வச்சு முதுகெலும்பு ஓரமா ஒரு இழுப்பு இழுத்தீங்கன்னா அந்த கருஞ்செவப்பு ரத்தம் அப்படியே வழிச்சுக்கிட்டு வரும். கருப்பு சவ்வையும் விரலால தேச்சு எடுங்க. தலைய வச்சுக்கறதா வெட்டறதாங்கறது உங்க இஷ்டம், கொழம்புக்கு தலை இருந்தா சாறு எறங்கும், ஆனா செவுள கட்டாயம் பிச்சு எடுத்துடணும்.

எல்லாம் முடிஞ்சதும் மீன் ஒரசுற சட்டியில, அதாவது உள்பக்கம் சொரசொரப்பா இருக்குற அந்த மண்சட்டியில, ஒரு கை கல்லுப்பு, கொஞ்சம் மஞ்சத்தூள் போட்டு ரெண்டு சுத்து மெதுவா ஒரசுங்க. கெளுத்தி, வெறால ஒரசுற மாதிரி அழுத்தி தேய்ச்சா மத்தி தோலு கிழிஞ்சுடும், தோலுக்கு கீழயும் எண்ணெய் இருக்கு, அத கழுவி வாசல்ல ஊத்துறதுக்கா வாங்குனோம். மூணு தண்ணி மாத்தி கழுவுனா போதும். கடைசி தண்ணியில கொஞ்சம் புளி கரைச்ச தண்ணியோ எலுமிச்சையோ விட்டு அலசுங்க, மீனு வாடைக்கு காரணமான பொருள் காரத்தன்மை உள்ளது, புளிப்பு பட்டா அது அடங்கிடும். மீன தண்ணியில ஊறப்போட்டு வைக்காதீங்க. வடிதட்டுல வச்சு தண்ணிய நல்லா வடிய விடுங்க.

சின்ன புள்ளைங்க, வயசானவங்க இருக்குற வீட்டுல நடுமுள்ள எடுத்துட்டே சமைக்கலாம். தலைய வெட்டிட்டு, தொறந்த வயிறு கீழ இருக்குற மாதிரி பலகையில விரிச்சு வச்சு, முதுகு மேல கட்டைவிரலால தலைப்பக்கம் இருந்து வால் வரைக்கும் அழுத்திக்கிட்டே போங்க, உள்ள எலும்பு சதைய விட்டு கழண்டுக்கறது விரலுக்கே தெரியும். திருப்பி போட்டு தலைப்பக்கம் எலும்பு நுனிய புடிச்சு வால் பக்கமா மெதுவா தூக்குனா சீப்பு மாதிரி மொத்தமா வந்துடும். ரொம்ப புதுசான மீனுல கொஞ்சம் அடம் புடிக்கும், ஒரு மணி நேரம் ஐஸ்ல வச்சுட்டு எடுத்தா லகுவா வரும்.

கொழம்பு

அரை கிலோ மத்திக்கு அளவு சொல்றேன், உங்க வீட்டு காரத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கங்க. சின்ன வெங்காயம் ஒரு கை நிறைய, பூண்டு 10 பல்லு, தக்காளி 2, புளி எலுமிச்சம்பழ அளவு, மிஷின்ல குடுத்து அரைச்ச கொழம்பு மொளகாத்தூள் 3 ஸ்பூன், மஞ்சத்தூள், கல்லுப்பு, கறிவேப்பிலை, நல்லெண்ணெய். மாங்காய் கெடைக்கிற காலம்னா ஒரு புளிப்பு மாங்காய நாலா கீறி போடுங்க, அப்ப புளிய கொஞ்சம் கொறைச்சுக்கங்க.

தாளிக்க கடுகு உளுந்து வேணாம், வடகம் போடுங்க. டெல்டாவுல மீன் கொழம்புக்கு அந்த வாசம் வர்றதே வடகத்தாலதான். பங்குனி, சித்திரை வெயில்ல சின்ன வெங்காயமும் பூண்டும் தட்டி, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சத்தூள், உப்பு சேத்து, வெளக்கெண்ணெய் விட்டு பெசைஞ்சு, உருண்டை புடிச்சு, தெனம் காலையில ஒடச்சு காய வச்சு, சாயங்காலம் திரும்ப உருட்டின்னு பல நாள் செய்யிற வேலை அது. இப்ப கடையிலயும் விக்கிது, ஆனா வெங்காயம் அழுகுன வாடை இல்லாம கருகருன்னு காஞ்சு இருக்கறதா பாத்து வாங்குங்க. சுத்தமா கெடைக்கலன்னா வெந்தயம் ஒரு அரை ஸ்பூன், சீரகம், கடுகு போட்டு சமாளிச்சுக்கலாம்.

மண்சட்டி காஞ்சதும் நல்லெண்ணெய் 3 ஸ்பூன் விடுங்க, அதுக்கு மேல வேணாம், மீதி எண்ணெய மத்தியே விடும். வடகத்த உதுத்து போட்டு பொன்னெறமா பொரியட்டும், கருக விட்டா கொழம்பே கசந்துடும். வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை போட்டு வதக்கி, தக்காளி கொழைஞ்சதும் தூளெல்லாம் போட்டு ஒரு பெரட்டு பெரட்டி, புளிக்கரைசல ஊத்துங்க. இப்பதான் பொறுமை வேணும். மூடி போடாம நல்லா கொதிக்கணும், பச்ச வாசம் போயி, கொழம்பு சுண்டி, ஓரத்துல எண்ணெய் பிரிஞ்சு நிக்கணும், ஒரு இருவது நிமிஷமாவது ஆகும். உப்பு காரம் எல்லாம் இப்பவே பாத்து சரி பண்ணிடுங்க. ஏன்னா மீனு போட்டப்பறம் கரண்டி உள்ள போகவே கூடாது.

மீன ஒவ்வொன்னா எறக்குங்க, சினைய மேலாப்புல கடைசியா வைங்க, தீய கொறைங்க, 6 இல்ல 7 நிமிஷம், அவ்வளவுதான். கெளர்றதுக்கு பதிலா சட்டியோட ரெண்டு காதையும் துணியால புடிச்சு ஒரு சுத்து சுத்தி விடுங்க. மத்தி சதை ரொம்ப மெத்துன்னு இருக்கும், அதிகமா கொதிச்சா எண்ணெய் மொத்தமும் கொழம்புக்கு போயி மீனு சக்கையாயிடும். கண்ணு வெளுத்து, துடுப்பு இருந்த எடத்துல சதை லேசா விரிஞ்சா அடுப்ப அணைச்சுடுங்க, மண்சட்டி சூடே மீதிய வேக வச்சுடும். எறக்கி கொறஞ்சது ஒரு மணி நேரமாவது விடுங்க, புளிப்பும் காரமும் அப்பதான் சதைக்குள்ள எறங்கும். தேங்கா அரைச்சு ஊத்தலாமான்னு கேப்பாங்க, சங்கரா, பாறைக்கு நான் ஊத்துவேன், மத்திக்கு வேணாம்னுதான் சொல்லுவேன், எண்ணெய்ச் சத்து மேல தேங்காப்பால் சேந்தா திகட்டுது, புளிப்பு மட்டுப்பட்டுடுது.

மறுநாள் கொழம்பு இன்னும் நல்லா இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும், பழைய சோத்துக்கு அத மிஞ்ச வேற ஒன்னும் இல்ல. ஆனா அடுப்படியில அப்படியே மூடி வச்சுட்டு தூங்காதீங்க, ஆறுனதும் ஃப்ரிட்ஜ்ல வைங்க, காலையில தேவையான அளவ மட்டும் தனியா எடுத்து கொதிக்க வைங்க.

வறுவலும் குக்கர் மத்தியும்

வறுக்குறதுக்கு பெருசா ரகசியம் இல்ல. மீனுல ஈரம் இருக்கக்கூடாது, துணியால ஒத்தி எடுத்துட்டு, ரெண்டு பக்கமும் சாய்வா மூணு கீறல் போட்டு, மொளகாத்தூள், மஞ்சத்தூள், மொளகு, இஞ்சி பூண்டு, எலுமிச்சை, உப்பு, ஒட்டிக்கறதுக்கு ஒரு ஸ்பூன் அரிசி மாவு, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜுல. இரும்பு தோசைக்கல்லு நல்லா காஞ்சதும் கொஞ்சமா எண்ணெய், மீன வச்சப்பறம் ஓரம் மொறுமொறுன்னு ஆகுற வரைக்கும் தொடாதீங்க, நேரம் வந்தா அதுவே கல்ல விட்டு கழண்டு வரும். கறிவேப்பிலைய கூடவே போட்டு பொரிய விடுங்க. வாழத்தோப்பு பக்கத்துலயே இருக்குறவங்க அதே மசாலாவோட எலையில மடிச்சு தோசைக்கல்லுல வாட்டலாம், எண்ணெயே வேணாம்.

குக்கர் மத்தி செய்யிறவங்க நம்ம பக்கம் கம்மி, ஆனா முள்ளுக்கு பயப்படுறவங்களுக்கு இதுதான் வழி. தலைய வெட்டுன மத்திய குக்கர்ல அடுக்கி, நடுநடுவுல சின்ன வெங்காயம், தக்காளி, கறிவேப்பிலை, இடிச்ச மொளகு போட்டு, கெட்டியா கரைச்ச புளித்தண்ணி ஒன்னரை டம்ளரு, மொளகாத்தூள், உப்பு, ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் ஊத்தி மூடுங்க. மொத விசில் வந்ததும் சிம்முல வச்சு அரை மணி நேரம் விட்டுடுங்க. ஆவி தானா அடங்கட்டும். புளிப்பும் சூடும் சேந்து முள்ளு மெத்துன்னு ஆகி, சதையோட சேத்து மென்னு முழுங்கிடலாம், டின் மீனுல நடு முள்ளு மென்னா தெரியாம இருக்கறதும் இப்படி அழுத்தத்துல வேகறதாலதான். முள்ளோட சாப்பிட்டா சுண்ணாம்புச் சத்து நிறைய கெடைக்கும், பால் ஒத்துக்காத வயசானவங்களுக்கு இது ரொம்ப நல்லது. யூரிக் ஆசிட் கூடி மூட்டு வீங்குறவங்க மட்டும் மத்திய கொறைச்சுக்கணும், அத டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க.

மிச்சம் இருந்தா ஃப்ரீசர்ல வைக்கலாம், ஆஞ்சு கழுவி, ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவா பிரிச்சு, காத்து இல்லாம கவர்ல கட்டி, ரெண்டு மாசத்துக்குள்ள தீத்துடுங்க, எண்ணெய் மீனு ஃப்ரீசர்லயும் சிக்கு புடிக்கும். அதே காரணத்தாலதான் நல்லா கொழுத்த மத்திய வீட்டு மாடியில கருவாடு போட சொல்லமாட்டேன், காயறதுக்குள்ள எண்ணெய் மஞ்சளா கசிஞ்சு வாடை அடிச்சுடும். கருவாடு வேணும்னா எண்ணெய் கம்மியான சூடையில போடுங்க.

தலையும் குடலும்

ஆஞ்ச கழிவ குப்பையில கொட்டாதீங்க. டெல்டாவுல இயற்கை விவசாயம் பண்றவங்க, நம்மாழ்வார் ஐயா வழியில வந்தவங்க, மீன் கழிவ வெல்லத்துல ஊற வச்சு செடிக்கு ஊட்டமா மீன் அமிலம் போடுறத பாத்திருப்பீங்க, அத வீட்டுத் தோட்டத்துக்கும் சின்ன அளவுல போடலாம், மத்தி கழிவு அதுக்கு ரொம்ப தோது. தலை, குடல், செவுள், துடுப்பு எல்லாத்தையும் சின்னதா நறுக்கி, அதே எடைக்கு உடைச்ச வெல்லமோ நாட்டுச்சக்கரையோ கலந்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல முக்கால் அளவுக்கு மட்டும் போடுங்க. தண்ணி ஊத்தக்கூடாது. மூடிய இறுக்கிடாதீங்க, உள்ள காத்து உருவாகும், துணிய கட்டி மேல மூடிய லேசா வைங்க, ஈ, பூனை, எலி அண்டாத நெழல்ல இருக்கட்டும். மொத வாரம் வாடை இருக்கும், அதனால வீட்டு ஜன்னலுக்கு கீழ வைக்காதீங்க. 21 நாளுக்கு மேல ஆனா சதை கரைஞ்சு, தேன் நெறத்துல பழ வாசம் வரும், அப்ப அது தயாரு. அழுகுன வாடையே வந்துகிட்டு இருந்தா வெல்லம் பத்தலன்னு அர்த்தம், இன்னும் கொஞ்சம் சேத்து கலக்கி விடுங்க.

1 லிட்டர் தண்ணிக்கு 5-லேருந்து 10 மில்லி வரைக்கும் கலந்து சாயங்காலத்துல எலையில தெளிக்கலாம். அளவு கூடுனா எலை கருகும், அதனால மொத தடவ 5 மில்லியிலேயே ஆரம்பிங்க. கறிவேப்பிலை, கத்திரி, மொளகா செடிக்கெல்லாம் மாசத்துக்கு ரெண்டு தடவ போதும். தெளிக்கிறதுக்கு முன்னாடி பழைய வேட்டித் துணியில ரெண்டு தடவ வடிகட்டிடுங்க, மத்தி செதில் ஒன்னு உள்ள போனாலும் ஸ்பிரேயர் நாசில் அடைச்சுக்கும்.